நடுங்காத சுந்தரவல்லி

எங்கள் குடும்பத்தில் ஒருவர் பெயருக்கு இன்னொருவர் கையெழுத்துப் போட்டது கிடையாது. என் தகப்பனார் மத்திய சர்க்காரில் குமாஸ்தாவாக இருந்தபோது, விடுப்பில் போயிருந்த மேலதிகாரிக்காக ஒரு கோப்பில் இனிஷியல் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். கடைசிவரை குமாஸ்தாவாகவே இருந்து ஓய்வு பெற்றார். நான் அதே சர்க்காரில் துணைச் செயலர் வரை வந்தேன். பிறர் கை செய்ய வேண்டியதை என் கை செய்ததில்லை. சர்க்கார் ஒரு விதி போட்டால் அதற்குக் காரணம் இல்லாமல் இருக்காது என்று நம்பி வாழ்ந்தவன் நான்.

அந்த நம்பிக்கையோடுதான் என் மனைவி சுந்தரவல்லியை அழைத்துக்கொண்டு, தில்லி ஜனக்புரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் மூத்தோர் மருந்தகத்துக்குப் போனேன்.

சுந்தரவல்லிக்கு நடுக்குவாதம். வலது கையில் ஆரம்பித்து இடது கைக்கும் வந்துவிட்டது. அதற்கு ஒரு மாத்திரை உண்டு. மூத்தோர் நலத் துறை அதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தன் மருந்தகங்களில் மட்டும் கொடுக்கிறது. கரோல் பாக் மருந்துக் கடைகளில் அதே மாதிரி வேறொன்று கிடைத்தது. அதைச் சாப்பிட்டுவிட்டுச் சமையலறையில் தலைசுற்றி விழுந்தாள். அதைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துறையின் மாத்திரையை வேளாவேளைக்குச் சாப்பிட்டால் மட்டும் கை அடங்கும். அடங்கினால் தன் தட்டில் தானே சாதத்தைப் பிசைந்து சாப்பிடுவாள். வீட்டு வேலைகள் ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போனபோதெல்லாம் பேசாமல் இருந்தவள், இது ஒன்றை மட்டும் விடவில்லை. "எனக்கு ஒருத்தர் ஊட்டி விடற நாள் வந்துதுன்னா, அன்னியோட சாப்பாட்டை விட்டுடுவேன்" என்பாள். எங்களுக்குக் குழந்தைகள் கிடையாது. ஒருத்தர் என்று அவள் சொன்னது என்னைத்தான்.

அந்த மாதத்திலிருந்து துறை புதிய ஏற்பாடு செய்திருந்தது. 'தீர்க்காயு' என்று ஒரு செயலி. மருந்தகத்தில் நின்றுகொண்டு, நம் போனில் அந்தச் செயலியைத் திறந்தால் ஒரு பச்சை வட்டம் தெரியும். நோயாளி தன் கட்டைவிரலை அதில் வைத்து, வட்டம் நிறையும் வரை அசையாமல் அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும். விரல் அசைந்தால் வட்டம் சிவந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நோயாளி உயிரோடும் சுயநினைவோடும் தானே வந்திருக்கிறார் என்பதற்கு அது சான்றாம். நியாயமான விதியாகத்தான் எனக்குப் பட்டது.

சுந்தரவல்லி விரலை வைத்தாள். வட்டம் சிவந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வைத்தாள். இரண்டு கையும் சேர்ந்து நடுங்கின. வட்டம் சிவந்தது. பிறகு, இந்த மாதத்துக்கான வாய்ப்பு முடிந்தது, நன்றி என்று திரை சொன்னது.

மருந்தகத்தில் இருந்த சுஷ்மா பஞ்சாபிப் பெண். எங்களைப் பல வருஷமாகத் தெரியும். கவுண்டருக்கு மேலே எட்டிப் பார்த்து ஹிந்தியில் சொன்னாள்: "அங்கிள்ஜி, ஆன்ட்டி விரல் நிக்காது. நான் மறுபடி திறந்து விடறேன், நீங்க அமுக்கிடுங்க. ஜல்தி, பின்னாடி லைன் நிக்குது."

"அது அவள் விரல் வைக்க வேண்டிய இடமல்லவா?"

"மெஷினுக்கு யார் விரல்னு தெரியவா போகுது? எல்லாருக்கும் பேரன்தான் அமுக்கறான். போன வாரம் ஒரு தாத்தா செத்தே போயிட்டார். மருமகள் வந்து அவர் உயிரோட இருக்கார்னு அமுக்கிட்டுப் போனா."

"அம்மா, என் மனைவி உயிரோடு இருக்கிறாள். அவளுக்காக இன்னொருவர் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை" என்றேன்.

சுஷ்மா சுந்தரவல்லியைப் பார்த்தாள். சுந்தரவல்லி என்னைப் பார்த்தாள். "வாங்கோ, ஆத்துக்குப் போலாம்" என்றாள்.

நடுக்கத்துக்கு மருந்து வேண்டுமென்றால் நடுங்காமல் அமுக்க வேண்டும். அமுக்க முடியாவிட்டால் மருந்து கிடையாது. மருந்து இல்லாவிட்டால் நடுக்கம் கூடும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையே யோசித்தேன். இவ்வளவு பெரிய துறை இதைக் கவனிக்காமல் இருக்காது, என் புரிதலில்தான் எங்கோ பிழை என்று தோன்றியது. நேரில் போய்க் கேட்பதே முறை என்று தீர்மானித்தேன்.

செயலிகளைப் பரிசோதித்து அனுமதி கொடுக்கும் கூடம், மத்திய தில்லியில் ஒரு சர்க்கார் பவனின் ஏழாவது மாடியில் இருந்தது. வாசல் காவலாளி என் போனைக் கேட்டான்.

"உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, பாபுஜி. பாதுகாப்பு."

"நான் போனில் வரும் ஒரு கோளாறைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்."

"பேசுங்க. போனைப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் உள்ள பேசலாம். போன் மட்டும்தான் போகக் கூடாது."

கொடுத்துவிட்டுப் போனேன்.

கூடத்தின் இயக்குநர் ஜெயகிருஷ்ணன் தில்லி மோதி பாக் சர்க்கார் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழர். என் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றார். "கல்யாணராமன் ஸார்! வாங்க, வாங்க. தமிழ்ல பேசி ரொம்ப நாளாச்சு. என் தமிழ் தோடா வீக், மன்னிச்சுக்கணும். சாய் சாப்பிடறீங்களா?" நல்ல மனிதர். அவர் கெட்டவர் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

என்னைக் கூடத்துக்குள் அழைத்துப் போனார். வரிசை வரிசையாகக் கணினிகள். ஒவ்வொன்றின் திரையிலும் ஒரு போனின் படம். அந்தப் படத்தின் பக்கவாட்டில் பொத்தான்கள், நடுவே நம் போனில் வருவது போலவே கடிகாரம், செயலிகள். ஸ்ம்ருதி என்ற இளம் பொறியாளர் அதை எனக்கு விளக்கினாள். அவள் அப்பா அம்மா மாயவரம். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

"இது போன் இல்ல அங்கிள். போன் மாதிரியே நடிக்கற சாஃப்ட்வேர். எமுலேட்டர்னு சொல்வோம். போன்ல என்னென்ன நடக்குமோ அதெல்லாம் இதுக்குள்ள நடக்கும். நிஜ போன்ல போடறதுக்கு முன்னாடி ஆப்பை இதுல ஓட்டிப் பார்ப்போம்."

"அப்புறம் நிஜ போனில்?"

அவள் இயக்குநரைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ஸார், நிஜ போன் வாங்கணும்னா ஏதோ ஒரு கம்பெனி போனை வாங்கணும். எதை வாங்கினாலும் அந்தக் கம்பெனிக்குச் சலுகை காட்டின மாதிரி. மூணு கமிட்டி உட்கார்ந்தது. கடைசில எந்தக் கம்பெனியும் செய்யாத போன்லதான் டெஸ்ட் பண்ணணும்னு முடிவாச்சு. இதோ இருக்கு. இதுல ஓடற இயங்குதளம் இன்னும் மார்க்கெட்டுக்கே வரலை ஸார். அடுத்த வருஷம்தான் வரும். எங்க ஆப் இப்பவே அதுக்குத் தயார்."

"என் போன் ஆறு வருஷத்துப் பழசு."

"அச்சா! அப்போ கொஞ்சம் கஷ்டம்தான்" என்றார் அனுதாபத்தோடு.

திரைக்குள் இருந்த போனில் பேட்டரி நிறைந்திருந்தது. அது குறையவே குறையாது என்றார்கள். நெட்வொர்க்கும் போகாது. கை தவறி விழாது. அது இருக்கும் இடம் கலிபோர்னியா என்று காட்டியது. யாரும் மாற்றாவிட்டால் அப்படித்தான் காட்டுமாம். அதனால் பரிசோதனை அறிக்கையில், இந்தச் செயலி அமெரிக்காவிலும் வெற்றிகரமாக இயங்குகிறது என்று ஒரு வரி சேர்த்திருப்பதாக இயக்குநர் சொன்னார்.

"இப்படிப்பட்ட போன் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டேன்.

"எங்கேயும் கிடைக்காது ஸார். அதுதான் இதோட பெருமை."

ஸ்ம்ருதி மௌஸை நகர்த்திப் பச்சை வட்டத்தின் மேல் அம்புக்குறியை வைத்து அமுக்கினாள். வட்டம் நிறைந்தது. அவர்கள் பரிசோதித்த நாள் முதல் ஒரு தடவைகூட அது சிவந்ததில்லையாம். அவள் விரலைப் பார்த்தேன். இருபத்தைந்து வயதுக்காரியின் விரல்.

"என் மனைவியை அழைத்து வருகிறேன். அவள் கையை வைத்து ஒரு முறை பாருங்கள்" என்றேன்.

"பஹுத் அச்சா! நிஜ நோயாளியா?" ஜெயகிருஷ்ணன் முகம் மலர்ந்தது. "இதுவரைக்கும் நாங்க பார்த்ததில்லை ஸார்."

அடுத்த வாரம் ஒரு டாக்ஸி வைத்து அவளை அழைத்துப் போனேன். கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை கட்டிக்கொண்டாள். கொசுவம் வைக்க மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டாள். கணினிக்கு முன்னால் அவளை உட்கார வைத்தார்கள். அந்தப் போனுக்குக் கேமராவும் இருந்தது. அதைத் திறந்தால் யாருமில்லாத ஒரு வீட்டுக் கூடம் தெரிந்தது. சோபா, தொலைக்காட்சிப் பெட்டி, ஜன்னல்.

"யாராத்துக் கூடம் இது?" என்றாள்.

"யாரோடதும் இல்ல ஆன்ட்டி. சும்மா வரைஞ்சது."

"சுத்தமா வெச்சிருக்கா" என்றாள் சுந்தரவல்லி.

மௌஸில் கை வைத்தாள். அம்புக்குறி வட்டத்துக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. வட்டம் சிவந்தது. கூடத்தில் இருந்த எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். அந்தச் சிவப்பை அவர்கள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.

மௌஸில் கோளாறு என்றார் ஒருவர். வேறு மௌஸ் வந்தது. சிவப்பு. மேஜை ஆடுகிறது என்றார் இன்னொருவர். மேஜைக் காலுக்கு அட்டை மடித்து வைத்தார்கள். சிவப்பு. கட்டிடத்துக்கு அடியில் மெட்ரோ ஓடுவதால் தரை அதிரலாம் என்று இயக்குநர் சந்தேகப்பட்டார். அதிர்வை அளக்கும் கருவி வைத்திருக்கும் துறைக்கு அப்போதே போன் செய்தார். எங்களை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, சாயங்காலம் வரை மேஜையையும் தரையையும் ஜன்னலையும் பார்த்தார்கள். அவள் கையை யாரும் பார்க்கவில்லை.

"கைதான் நடுங்கறதுன்னு அவாகிட்ட சொல்லுங்கோளேன்" என்றாள் சுந்தரவல்லி.

சொன்னேன். குறித்துக்கொண்டார்கள்.

பத்து நாளில் ஜெயகிருஷ்ணன் போன் செய்தார். "ஸார், பிரச்சனை தீர்ந்தது. இனிமே ஆன்ட்டியைச் சிரமப்படுத்தி அழைச்சிட்டு வர வேண்டாம். ஆன்ட்டிக்கும் ஒரு எமுலேட்டர் செஞ்சுட்டோம்."

போய்ப் பார்த்தேன். அதே திரை, அதே போன். அம்புக்குறி யார் கையும் படாமல் தானே நகர்ந்தது. வட்டத்தில் போய் நின்றது. அமுக்கியது. மேலே சுந்தரவல்லி என்று எழுதியிருந்தது. வயது, உயரம், எடை, ஜனக்புரி முகவரி, எல்லாம் என் மனைவியுடையவை.

எங்கள் வீட்டுப் பெண்ணின் பெயரை வாசல் பலகையில்கூட நான் போட்டதில்லை. "யார் அனுமதியில் என் மனைவியின் பெயரைப் போட்டீர்கள்?"

"அனுமதி இல்லாம செய்வோமா ஸார்?" ஜெயகிருஷ்ணன் உண்மையாகவே புண்பட்டார். "ஸிஸ்டம்ல முறைப்படி கேட்டோம். சுந்தரவல்லி அமுக்கி சம்மதம் கொடுத்திருக்காங்க."

"எந்தச் சுந்தரவல்லி?"

"இந்தச் சுந்தரவல்லிதான்" என்று திரையைக் காட்டினார்.

ஸ்ம்ருதி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "முதல்ல நான் நடுக்கமும் வெச்சுதான் எழுதினேன் அங்கிள். ஆன்ட்டி கை எப்படி ஆடித்துன்னு அன்னிக்கு ரெக்கார்ட் ஆகியிருந்தது. அதை அப்படியே போட்டேன். ஃபெயில் ஆச்சு."

"ஆப் ஃபெயில் ஆகலை" என்று திருத்தினார் இயக்குநர். "ஆப் ஏற்கெனவே பாஸான ஆப். அது எப்படி ஃபெயில் ஆகும்? டெஸ்ட் பேஷன்ட்லதான் குறை. அதனால நடுக்கத்தை எடுத்துட்டோம். இப்போ பாருங்க, எவ்வளவு அழகா அமுக்கறாங்க. ரெக்கார்ட்லயும் ஏத்தியாச்சு ஸார், நடுக்கம் நீங்கியதுன்னு. ஷி இஸ் க்யூர்ட்."

பதிவு பெயரை வைத்து ஓடுகிறது என்பதும், தில்லியின் எல்லா மருந்தகங்களுக்கும் அந்தக் கூடத்துக்கும் ஒரே பதிவு என்பதும், அடுத்த தடவை மருந்தகத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது. சுஷ்மா திரையைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அங்கிள்ஜி, இப்போ வட்டமே வரலை. ஆன்ட்டிக்கு நடுக்கம் குணமாயிடுச்சாம். குணமானவங்களுக்கு மருந்து கிடையாது. வாழ்த்துகள்னு போட்டிருக்கு." என் பக்கம் குனிந்து, "இப்போ நீங்களே அமுக்கறேன்னு சொன்னாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள்.

சுந்தரவல்லியின் வளையல்கள் கவுண்டர் கண்ணாடியில் இடைவிடாமல் தட்டிக்கொண்டிருந்தன. அவள் கையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

நான் மனு எழுதினேன். முப்பத்தாறு வருஷம் சர்க்காரில் எழுதியவன், எப்படி எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். பதிலாக ஒரு விழாவுக்கு அழைப்பு வந்தது. தீர்க்காயு செயலி பிழையற்றது என்று சான்றளிக்கும் விழா. நோயாளியின் குடும்பத்தாருக்கு இரண்டாவது வரிசையில் இடம்.

அங்கே மேலதிகாரிகள் இருப்பார்கள், நேரில் சொல்லிவிடலாம் என்று அவளையும் அழைத்துப் போனேன். அதற்குள் அவள் நடை குறுகிவிட்டது. கார் நின்ற இடத்திலிருந்து அரங்கத்துக்குப் போவதற்குள் மூன்று முறை நின்றாள். என் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். "எல்லாரும் பார்க்கறா" என்று மறுத்துவிட்டாள்.

மேடையில் பெரிய திரை. அதில் அந்தப் போன். அம்புக்குறி போய் வட்டத்தை அமுக்கிற்று. சபை கைதட்டியது. கூடுதல் செயலர் வெங்கடேஸ்வரன் எழுந்து பேசினார்.

"நண்பர்களே, நான் முப்பது ஆண்டுகளாகத் திட்டங்களைப் பார்த்து வருகிறேன். ஒரு திட்டம் ஏன் தோற்கிறது? கோப்பில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கடைசியில் ஒரு மனிதர் வருவார். அவருக்குக் காது கேட்காது. அல்லது கண் தெரியாது. அல்லது அன்றைக்கென்று வெளியூர் போயிருப்பார். திட்டம் தோற்றுவிடும். பழி நம் மேல் விழும். இந்த முறை, முதன்முறையாக, அந்தக் கடைசிப் பிழையையும் நீக்கிவிட்டோம். இந்தச் சுந்தரவல்லிக்கு இனி மூப்பு கிடையாது. புகார் கிடையாது. எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வருவார். ஒவ்வொரு குடிமகனும் இவரைப் போல ஆகும் நாள் வெகு தொலைவில் இல்லை."

திரையில் இருந்த சுந்தரவல்லிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். திரைக்குத் தோள் இல்லாததால் அது வழுக்கி விழுந்தது. இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்க, புகைப்படம் எடுத்தார்கள்.

அப்போது கூடுதல் செயலரின் பார்வை எங்கள் வரிசைக்கு வந்தது. சுந்தரவல்லியின் கைகள் மடியில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன.

"அந்த அம்மாவைப் பாருங்கள்!" என்றார் நெகிழ்ந்துபோய். "நான் பேச ஆரம்பித்ததிலிருந்து அவர் கைதட்டலை நிறுத்தவே இல்லை."

அரங்கம் முழுவதும் திரும்பி எங்களைப் பார்த்துக் கைதட்டியது. நான் எழுந்தேன். சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். கைதட்டல் ஓயக் காத்திருந்தேன். நான் எழுந்து நின்றதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு முன்வரிசை எழுந்தது. பிறகு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். தேசிய கீதம் போட்டுவிட்டார்கள். அது முடிந்ததும் மேடையில் யாரும் இல்லை. சுந்தரவல்லி மட்டும் எழுந்திருக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வரும்போது ஸ்ம்ருதி ஓடிவந்து என்னைத் தனியே கூப்பிட்டாள். "அங்கிள், டெஸ்ட் முழுசா நடக்கணும்னு மாசா மாசம் நிஜ மாத்திரையே எங்க லேபுக்கு வந்துடறது. அந்த சுந்தரவல்லி பேருக்கு. சாப்பிட யாரும் இல்லையே, எல்லாம் என் டிராயர்ல கிடக்கு. ப்ளீஸ், வந்து எடுத்துட்டுப் போங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

நடுங்கியவள் குணமாகிவிட்டாள் என்று மருந்து நின்றது. நடுங்காதவளுக்கு மாதம் தவறாமல் மருந்து வருகிறது. கேட்டுக்கொண்டேன்.

"அது சர்க்கார் சொத்து, அம்மா. முறைப்படி எங்களுக்கு வர வேண்டும். டிராயரிலிருந்து எடுத்துக்கொண்டு போவதற்கு நாங்கள் அப்படிப்பட்ட குடும்பம் இல்லை" என்றேன்.

அன்று மத்தியானம் தட்டில் ரசம் சாதம். சுந்தரவல்லி கையைக் கொண்டுபோன போதெல்லாம் சாதம் மேஜையில் சிதறியது. கொஞ்சம் புடவையில் விழுந்தது. நான் ஸ்பூனை எடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் கீழே வைத்துவிட்டேன்.

"அந்தப் பொண்ணு உங்ககிட்ட என்ன சொன்னா?"

சொன்னேன்.

"வாங்கிண்டேளா?"

"இல்லை. அது நமக்கு வந்ததில்லை."

"என் பேருக்குத்தானே வந்தது?"

அவள் மேஜையில் கிடந்த பருக்கைகளை ஒவ்வொன்றாக ஒதுக்கப் பார்த்தாள். ஒதுக்க ஒதுக்கச் சிதறின.

"உங்கப்பா இனிஷியல் போடாம விட்டது அவரோட உத்தியோகத்தை. அது அவர் விட வேண்டியது, விட்டார். நீங்க விடறது என் கையைன்னா. அதை விட உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தா?"

கல்யாணமாகி நாற்பத்தொன்பது வருஷத்தில் அவள் என்னை எதிர்த்துச் சொன்ன ஒரே வார்த்தை அது. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை நான் கூடத்துக்குப் போனேன். ஸ்ம்ருதி டிராயரைத் திறந்தாள். மாத்திரை அட்டைகளை என் பனியனுக்குள் வைத்துக்கொண்டேன். மேலே சட்டை, அதற்கு மேலே கோட்டு. லிஃப்டில் இறங்கும்போது அட்டைகள் நெஞ்சில் உரசி ஓசை எழுப்பின. வாசலில் எல்லோரையும் தடவிப் பார்த்து அனுப்பும் காவலாளி என் வெள்ளைத் தலையையும் நிமிர்ந்த முதுகையும் பார்த்துவிட்டு, "உங்களையெல்லாம் சோதிக்கறதா, பாபுஜி? போங்க" என்று சல்யூட் அடித்தான். அதைவிட அவன் என்னைப் பிடித்திருக்கலாம்.

சுந்தரவல்லி எதுவும் கேட்காமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். சில நாளில் கை அடங்கியது. மோர் சாதத்தைத் தானே பிசைந்து, தானே சாப்பிட்டு, விரல்களைத் தானே கழுவிக்கொண்டு வந்தாள். ஒரு நாள் எனக்கும் பரிமாறினாள். எழுபத்தெட்டு வயதில் நான் திருடனானதற்கு அந்த ஒரு கரண்டி சாதம் போதும் என்று நினைத்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

டிராயர் காலியானதைக் கூடத்தில் கவனித்தார்கள். சோதனை நோயாளி மருந்தை ஒழுங்காக உட்கொள்ளத் தொடங்கிவிட்டார் என்று அறிக்கை எழுதினார்கள். ஜெயகிருஷ்ணனுக்குப் பதவி உயர்வு வந்தது.

ஜனவரியில் பனி கடுமையாக இருந்தது. அவளுக்கு இருமல் வந்தது. மருந்து நின்றிருந்த மாதங்களில் நோய் கையோடு நிற்காமல் தொண்டைக்கும் இறங்கிவிட்டது, விழுங்கியது நுரையீரலுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூக்கு வழியாகக் குழாய் வைத்தார்கள். யாரும் ஊட்டிவிட வேண்டியிருக்கவில்லை. அப்படியே போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்தபின் கூடத்துக்குப் போனேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் பெயரை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும். இறந்துபோன எங்கள் வீட்டுப் பெண்ணை ஊரார் நாள் முழுக்க வேலை வாங்கிக்கொண்டிருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஜெயகிருஷ்ணன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கினார். பிறகு சொன்னார்: "எப்படி ஸார் எடுக்கறது? பாஸாகிட்டிருக்கற ஒரே பேஷன்ட். ஸர்ட்டிஃபிகேட்டே அவங்க பேர்லதான் இருக்கு. அது தவிர, இறப்புன்னு ஒண்ணு எங்க டிசைன்ல கிடையாது. அதை டெஸ்ட் பண்ணினதே இல்லை. வேணும்னா மேலே எழுதறேன்." மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது என்று போனார்.

ஸ்ம்ருதி எனக்கு ஒரு நாற்காலி போட்டாள். திரையில் அம்புக்குறி வந்தது, வட்டத்தில் நின்றது, அமுக்கிற்று, போயிற்று. மறுபடி வந்தது. சுந்தரவல்லி என்று எழுதியிருந்ததற்குக் கீழே அசையாமல், ஆணி அடித்தது போல நின்றது. கல்யாணமான புதிதில்கூட அவள் கை அவ்வளவு உறுதியாக இருந்ததில்லை. காபி கொண்டுவரும்போது எப்போதும் கொஞ்சம் தளும்பும்.

"இது அவளில்லை" என்றேன்.

"தெரியும் அங்கிள்."

"அம்மா, நீ முதலில் எழுதினாயே, அவள் கை ஆடியது ஆடியபடி. அது இன்னும் இருக்கிறதா?"

"இருக்கு. ஆனா அதைப் போட்டா ஃபெயில் ஆகும். ரிப்போர்ட் எல்லாருக்கும் போகும். ஸர்ட்டிஃபிகேட் போயிடும்."

"அவள் பெயரை எடுக்க மாட்டார்கள் என்றால், அந்தப் பெயருக்குக் கீழே இருப்பது அவளாக இருக்கட்டும்."

ஸ்ம்ருதி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தப் பழைய பதிவைத் தேடி எடுத்துப் போட்டாள். நான் கேட்டதால்தான் செய்தாள், பொறுப்பு என்னுடையது என்று எழுதி, என் பெயரைத் தெளிவாகக் கையெழுத்திட்டு அவளிடம் கொடுத்தேன்.

அம்புக்குறி வந்தது. வட்டத்தை நெருங்கும்போதே நடுங்கியது. உள்ளே போனது, விளிம்பைத் தாண்டி வெளியே வந்தது, தடுமாறி மறுபடி உள்ளே போனது. எனக்குத் தெரிந்த நடுக்கம். முதலில் மெல்ல, முயற்சி செய்யச் செய்ய வேகமாக. வட்டம் சிவந்தது. அறையின் எல்லாத் திரைகளிலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவப்பு எரிய ஆரம்பித்தது. யாரோ எழுந்து வெளியே ஓடினார்கள்.

நான் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"பரவாயில்லை, சுந்தரா" என்றேன். "மெல்லப் பண்ணு."